பின்னோக்கும் கண்



மலைநாட்டு வீதிகளில் பஸ் வண்டியிற் பிரயாணஞ் செய்தவர்கள் யாவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு வரும் பாதையிலோ, பூனாகலையிலிருந்து கொஸ்லந்தைக்கு இறங்கும் பாதையிலோ, ஒரு முடக்கில் பஸ்ஸும் கொழுந்து லொறியும் நேருக்கு நேராகச் சந்திக்கின்றன. ஒருபுறம் மண்மேடு, மறுபுறம் பள்ளம். இரண்டும் ஒரே நேரத்திற் கடந்து செல்ல இடமில்லை. இறங்குகின்ற வண்டி ஏறுகின்ற வண்டிக்கு இடம் விடவேண்டும் என்பது இங்குள்ள சாரதிகளின் வழக்கம். ஆகவே, இறங்கிவந்த பஸ் பின்வாங்குகிறது. நடத்துனர் குதித்திறங்கி, வண்டியின் பின்னே ஓடி, தகரத்தைத் தட்டித் தட்டி ‘வா, வா’ என்கிறார். வண்டிக்குள் இருக்கும் அத்தனை பேருடைய உயிரும் அந்தச் சில நிமிடங்களில் அவருடைய கைத்தட்டலிலே தங்கியிருக்கின்றது.

அந்தக் கைத்தட்டலுக்குத் துணையாக இப்பொழுது ஒரு கண் வந்திருக்கின்றது. பெரிய பிரயாணிகள் வண்டியின் பின்புறத்திற் பொருத்தப்படும் கம்பியில்லாக் கமராவைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். கலைப்பட்டதாரியான ஒரு பாடசாலை அதிபருக்கும் மோட்டார் வண்டியின் மின்வேலைக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். எமது மாணவரில் ஒரு பகுதியினர் பஸ்ஸில் வருகின்றனர். அந்த பஸ் பாடசாலை வாயிலுக்கு அருகிலேயே பின்வாங்கித் திரும்புகின்றது. அங்கே காலை ஏழரை மணிக்கு நிற்பவன் நான். இதுவே உறவு.

முதலில், சாரதிக்கு எது தெரிகின்றது, எது தெரிவதில்லை என்பதைப் பார்ப்போம். பெரிய பஸ் வண்டியொன்று பத்து முதல் பன்னிரண்டு மீற்றர் நீளமுடையது. சாரதி அதன் முன்னந்தத்தில் வலப்பக்கத்தில் அமர்ந்திருக்கின்றார். வெளியிலுள்ள இரு கண்ணாடிகளும் வண்டியின் இரு விலாக்களைக் காட்டும். உள்ளே தலைக்குமேல் தொங்கும் கண்ணாடி பின் யன்னலைக் காட்டவேண்டும். ஆனால் காலை வேளையில் அது காட்டுவது நின்றுகொண்டு வருகின்ற பிரயாணிகளின் தலைகளையே. கூட்டம் இல்லாத நேரத்திலும், பின் யன்னலின் அடிவிளிம்பு வளர்ந்த மனிதர் ஒருவரின் தலைமட்டத்தில் இருக்கின்றது. முதலாந் தரத்திற் சேரும் குழந்தையின் உயரமோ ஒரு மீற்றரைச் சிறிதே தாண்டும். ஆகவே வண்டியின் முதுகுக்குப் பின்னால், வண்டியின் அகலமும் பல மீற்றர் நீளமும் கொண்ட ஒரு நிலப்பரப்பு சாரதிக்கு முழு இருளாகவே இருக்கின்றது. அவ்விருளுக்குள் ஒரு வகுப்புப் பிள்ளைகள் முழுவதையும் நிறுத்திவைக்கலாம். எந்தக் கண்ணாடியிலும் ஒரு பிள்ளையின் தலைமுடியும் தெரியாது.

இக்குறையை நிரப்பவே நடத்துனரின் குரல் ஏற்பட்டது. தமிழர் ‘வா, வா’ என்பர். சிங்கள நண்பர்கள் ‘என்ன, என்ன’ என்பர். அவர்களது மொழியில் அதற்கு ‘வாருங்கள்’ என்பது பொருள். புதிதாக மலைக்கு வந்த தமிழ்ச் சாரதி ஒருவர், பின்னாலிருந்து ‘என்ன, என்ன’ என்று கேட்டதும், ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டதென்று பிறேக்கை அழுத்தி நிறுத்தினாராம் என்று எங்கள் ஊரிலே ஒரு கதை சொல்வார்கள். கதை மெய்யோ பொய்யோ, குரலை நம்பி ஓட்டுவதிலுள்ள இடர்ப்பாட்டை அது நன்றாகக் காட்டுகின்றது. இஞ்சினின் இரைச்சலில், மழையின் ஓசையில், லொறிக்காரரின் ஹோர்ன் சத்தத்தில், ‘வா’ என்பதும் ‘நில்’ என்பதும் ஒன்றாகக் கலந்துவிடுவதுண்டு.

நான் பள்ளத்தை மட்டும் மனத்திற் கொண்டு பேசவில்லை. எமது ஊவா மாகாணத்தில் பஸ் விபத்தென்றவுடன் எல்லோர் நினைவுக்கும் வருவது பாதாளத்திற் புரண்ட வண்டிகள்தாம். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் பசறையிலும், 2025ஆம் ஆண்டு செப்ரெம்பர் 4ஆம் திகதி எல்ல–வெல்லவாய வீதியிலும் நிகழ்ந்தவற்றை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அவை முன்னோக்கிச் சென்ற வண்டிகளுக்கு நேர்ந்தவை. பின்புறக் கமரா எதுவும் அவற்றைத் தடுத்திருக்கமுடியாது. அந்தத் துயரங்களைக் காட்டி இந்தக் கருவியை விற்க முனைவோர் இருந்தால் அவர்களை நம்பவேண்டாம். இக்கருவி காக்கக்கூடிய உயிர் வேறு. அது வண்டியின் பின்னால், தரையில், கையில் புத்தகப்பையுடன் நிற்கும் சின்ன உயிர்.

ஒருநாட் காலை எங்கள் வாயிலருகே ஒரு வண்டி பின்வாங்கியபோது, அதன் பின்சில்லின்கீழ் ஒரு புத்தகப்பை அகப்பட்டது. கீழே விழுந்த தண்ணீர்ப் போத்தலை எடுக்கப் பிள்ளை குனிந்திருக்கிறாள். மூத்த மாணவி ஒருத்தி அவளைத் தோளிற் பிடித்து இழுத்திருக்கிறாள். பை கழன்று விழுந்துவிட்டது. பை மாத்திரமே போயிற்று. சாரதி இறங்கிவந்து நசுங்கிய பையைப் பார்த்தபின்னர், நெடுநேரம் சக்கரத்தின் அருகிலேயே குந்தியிருந்தார். அவர்மீது குற்றஞ்சுமத்த எனக்கு மனம் வரவில்லை. அவர் பார்க்கவேண்டிய கண்ணாடிகள் எல்லாவற்றையும் பார்த்தே இருந்தார்.

இத்தகைய சம்பவம் உலகில் ஒரு சட்டத்தையே பிறப்பித்தது. அமெரிக்காவில், 2002ஆம் ஆண்டு, கமரோன் கல்பிரான்சன் என்னும் இரண்டு வயதுக் குழந்தை, தன் வீட்டு முற்றத்தில், தந்தையார் பின்னோக்கிச் செலுத்திய வண்டியின் கீழ் அகப்பட்டு மாண்டது. தந்தையார் ஒரு குழந்தை வைத்தியர். கண்ணாடிகளைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கியவர். அக்குழந்தையின் பெயரைத் தாங்கிய சட்டம் 2008ஆம் ஆண்டிற் கையொப்பமிடப்பட்டது. அதன்படி வகுக்கப்பட்ட விதி 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல் அந்நாட்டில் விற்கப்படும் புதிய மோட்டார் வண்டிகளுக்குப் பின்புறக் கமராவைக் கட்டாயமாக்கியது. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஏறத்தாழ 4,500 கிலோகிராமுக்கு உட்பட்ட சிறிய வண்டிகளுக்கே அவ்விதி பொருந்தும். குருட்டிடம் மிகப் பெரிதாக உள்ள பெரிய பஸ் அதற்குப் புறம்பானது. ஐரோப்பியர் இவ்விடயத்தில் ஒருபடி மேலே சென்றனர். பின்னோக்கிச் செல்லும்போது பின்னால் உள்ளதைச் சாரதிக்குக் காட்டும், அல்லது உணர்த்தும் ஏற்பாடு, 2022 ஜூலை முதல் புதிய மாதிரி வண்டிகளுக்கும், 2024 ஜூலை முதல் புதிதாகப் பதியப்படும் எல்லா வண்டிகளுக்கும், பஸ்ஸும் லொறியும் உட்பட, அங்கே கட்டாயமாயிற்று. நமது மலைப்பாதையில் ஓடுகின்ற வண்டியோ பல ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்டது. புதிய வண்டிக்கு இயற்றப்படும் சட்டம் அதனை வந்தடைய ஒரு தலைமுறை செல்லும். ஆகையினால் பழைய வண்டிக்கு நாமே கண் பொருத்தவேண்டியிருக்கின்றது.

இனிக் கருவிக்கு வருவோம். கம்பியில்லாக் கமரா என்றதும் அதற்குக் கம்பியே வேண்டியதில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இல்லை. கமராவுக்கும் மின்சாரம் வேண்டும். சாரதியின் முன்னே வைக்கப்படும் சிறு திரைக்கும் மின்சாரம் வேண்டும். இரண்டுக்கும் இடையே படத்தைக் கொண்டுசெல்லும் நீண்ட கம்பி ஒன்றுதான் மிச்சமாகின்றது. பன்னிரண்டு மீற்றர் வண்டியில், கூரைத் தகரத்தைக் கழற்றி, அதனுள்ளே கம்பியைச் செலுத்தி, மீண்டும் பூட்டுவது இரண்டு நாள் வேலை. அவ்வேலையைக் குறைக்கவே இந்த ஏற்பாடு.

படம் செல்வது எவ்வாறு? என் குரல் உங்கள் வீட்டு வானொலிக்கு வருவது போலத்தான். கொழும்பிலிருந்து 1925ஆம் ஆண்டு டிசெம்பர் 16ஆம் திகதி முறையான ஒலிபரப்பு ஆரம்பித்த காலந்தொட்டு நமக்குப் பழக்கமான அதே வானலைதான். வேறுபாடு அலையின் நீளத்திலே இருக்கின்றது. மத்திய அலை நூற்றுக்கணக்கான மீற்றர் நீளமுடையது. பண்பலை ஏறத்தாழ மூன்று மீற்றர். இந்தக் கமராக்களிற் பெரும்பாலானவை பயன்படுத்தும் அலையோ பன்னிரண்டரைச் சென்ரிமீற்றர், அதாவது ஒரு சாண் நீளங்கூட இல்லாதது. நீண்ட அலை மலையையும் சுற்றி வளைந்து வரும். குட்டை அலைக்கு அந்த ஆற்றல் கிடையாது. தகரம் அதனைத் தடுக்கும். நீர் அதனை விழுங்கும். மனித உடலிற் பெரும்பகுதி நீராகையால் மனிதரும் அதனை விழுங்குவர்.

இவ்விடத்திலேதான் நமது மலைநாட்டு பஸ்ஸின் சங்கதி வருகின்றது. கமராவைப் பொருத்திய ‘பாஸ்’, வெறும் வண்டியில் அமர்ந்து படத்தைப் பார்த்து, ‘அருமையாக இருக்கின்றது’ என்று சொல்லிக் கூலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். மறுநாட் காலை எழுபது பேர் நெருங்கி நின்றுகொண்டு வரும்போது படம் உடைந்து உடைந்து வரும். அலை பின்னிருந்து முன்செல்லும் வழியெல்லாம் மனித உடல்கள் நிற்கின்றன. ஆகவே, சோதனை செய்வதானால் வண்டி நிறைந்திருக்கும் வேளையிலே செய்தல் வேண்டும். அலையை வாங்கும் ஏரியலைப் பிரயாணிகளின் தலைக்கு மேலாக, கூரையோரமாக வைத்தால் தொல்லை பெரிதும் குறையும். சாரதியின் முன்னே பலகையில், பிள்ளையாரும் புத்தபெருமானும் மாதாவும் பூமாலைகளோடு ஒற்றுமையாக வீற்றிருக்கும் இடத்தில், மூன்றாவது மாலைக்குப் பின்னால் ஏரியலைச் செருகி வைத்தால் பயனில்லை.

இந்த அலைவரிசையில் நாம் மட்டும் இருக்கவும் இல்லை. கைத்தொலைபேசிகளின் கம்பியில்லா இணைப்புகளும் வேறு வண்டிகளின் கமராக்களும் அதே பாதையிலே நடமாடுகின்றன. மலிவான பழைய வகைக் கமராவில், பஸ் நிலையத்திற் பக்கத்து வண்டியின் பின்புறம் நமது திரையிலே தோன்றுவதும் நடக்கக்கூடியது. இலக்கமுறையில் இயங்கும் புதிய வகை தன் சோடியை மாத்திரம் அறிந்துகொள்ளும். அலைவரிசையை இடைவிடாது மாற்றி மாற்றித் தாவும். அதனால் பிறர் படம் நுழைவதில்லை. ஆனால் அதற்கும் ஒரு தீக்குணம் உண்டு. பழைய வகையில் அலை குன்றினாற் படத்திற் புள்ளிமழை பொழியும். சாரதி உடனே அறிந்துகொள்வார். புதிய வகை சிலவற்றில் அலை குன்றினாற் கடைசியாக வந்த படம் அப்படியே உறைந்து நிற்கும். வீதி வெறுமையாக இருக்கின்றது என்று திரை காட்டிக்கொண்டேயிருக்கும்; அந்த வெறுமை மூன்று விநாடிக்கு முந்திய வெறுமை. என் மனத்துக்குப் புள்ளிமழையே நேர்மையானது. படம் உறைந்தாற் திரை கறுத்துப்போகும்படி, அல்லது எச்சரிக்கை காட்டும்படி அமைந்த கருவியைக் கேட்டு வாங்கவேண்டும். கடையிலேயே சோதிக்கலாம்: கமராவின் முன்னே ஒருவரைக் கையசைக்கச் சொல்லி, கமராவைத் தகரப்பெட்டியொன்றினுள் வைத்து மூடித் திரையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

உறையாத படமும் சற்றுத் தாமதித்தே வரும். தாமதம் ஐந்தில் ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஐந்து கிலோமீற்றர் வேகத்திற் பின்வாங்கும் வண்டி, அந்நேரத்தில் ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். ஒரு சாணுக்குச் சற்று அதிகம். சமவெளியில் இது அற்ப விடயம். பள்ளத்தின் விளிம்பிலோ, மதிலுக்கும் வண்டிக்கும் இடையே ஒருவர் நிற்கும்போதோ அற்பமல்ல.

பொருத்தும் வேலையில் நான் கண்டறிந்த சிலவற்றைச் சொல்லலாம். எங்கள் வாயிலுக்கு வரும் வண்டியில் இக்கருவி பொருத்தப்பட்டபோது ஒரு சனிக்கிழமை முழுவதும் பக்கத்திலே நின்று பார்த்தேன். கேள்வி கேட்பது ஆசிரியர் தொழிலின் பழக்கம், பாஸ் பொறுமைசாலி.

சிறிய கார்களின் மின்னழுத்தம் 12 வோல்ற்று. பெரிய பஸ்ஸில் இரண்டு பற்றரிகள் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ற்று தருகின்றன. காருக்கென்று செய்த கமராவை பஸ்ஸில் நேராக இணைத்தால் அது அன்றைக்கே கருகும். இதை அறிந்த சிலர் ஒரு தந்திரஞ் செய்வர்: இரண்டு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மாத்திரம் 12 வோல்ற்றை எடுப்பர். கமரா வேலை செய்யும். ஆனால் ஒரு பற்றரி தேய, மற்றையது அளவுக்கு மிஞ்சி நிரம்ப, சில மாதங்களில் இரண்டும் பழுதாகும். இரண்டு அழுத்தங்களிலும் இயங்குமென்று அதன் உடலிலேயே பொறிக்கப்பட்ட கருவியை வாங்குவதே தக்கது. இடையில் ஒரு பியூஸ் அவசியம். அதைத் தவிர்த்து மிச்சம் பிடிக்கும் சில ரூபாய்களுக்காக ஒரு வண்டியைத் தீக்கு இரையாக்கவேண்டாம்.

கமராவுக்குப் பின்செல்லும் விளக்கின் கம்பியிலிருந்து மின்சாரம் எடுப்பது பொது வழக்கம். பின்கியர் போட்டவுடன் விளக்கு எரியும்; கமராவும் விழிக்கும். பழைய வண்டிகளில் இது இரண்டு வகையில் தவறும். முதலாவது, அந்த விளக்கே எரிவதில்லை. கியர்ப்பெட்டியிலுள்ள அதன் சுவிச்சு சேறும் எண்ணெயும் படிந்து செயலற்றுக் கிடக்கும். விளக்கை முதலிற் பழுதுபார்க்காமற் கமராவைப் பொருத்துவது, அத்திவாரமின்றிக் கூரை வேய்வதற்கு ஒப்பாகும். இரண்டாவது, கம்பியில்லாக் கமரா உறக்கத்திலிருந்து விழித்துத் தன் சோடியைத் தேடிக் கண்டுபிடிக்கச் சில விநாடிகள் செல்லும். அவசரக்காரச் சாரதி அதற்குள் இரண்டு மீற்றர் நகர்ந்துவிடுவார். ஆதலால், சாவியைத் திருப்பியவுடனேயே கமரா விழித்திருக்கும்படியும், பின்கியர் போடும்போது திரை மாத்திரம் ஒளிரும்படியும் இணைப்பது மேலானது. எங்கள் பாஸ் முதலில் தலையசைத்து மறுத்தார். பின்னர் தாமே இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டு அவ்வாறே இணைத்தார்.

படம் கண்ணாடியிற் காண்பது போல இடம் வலம் மாறித் தெரியவேண்டும் என்பதையும் மறக்கலாகாது. முன்புறக் கமராவுக்குரிய அமைப்பில் அது விடப்பட்டால், இடப்பக்கம் நிற்கும் பிள்ளை வலப்பக்கம் நிற்பதாகத் தோன்றும். சாரதி பிள்ளையை விலக்குவதாக எண்ணிப் பிள்ளையை நோக்கியே திருப்புவார்.

இனி நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விடயத்துக்கு வருகின்றேன். இத்திரைகளிற் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று கோடுகள் தோன்றும். சிவப்புக் கோடு மிக அண்மை; பச்சைக் கோடு சேய்மை. நிலத்திற் சுண்ணாம்பால் ஒரு மீற்றர், இரண்டு மீற்றர், மூன்று மீற்றர் என்று கோடிட்டு, திரைக்கோடுகளை அவற்றோடு பொருத்திக்கொள்வார்கள். பொருத்துவது சமதரையிலே. வண்டி நிற்கும் தரையும் பின்னாலுள்ள தரையும் ஒரே சரிவில் இருக்கும்வரை கோடுகள் உண்மை பேசும். வண்டி சமதரையில் நிற்க, பின்னாலுள்ள தரை மேல்நோக்கி ஏறுமாயின், கோடுகள் பொய் பேசத் தொடங்கும். மூன்று மீற்றர் தூரத்தில் இருப்பதாகத் திரை காட்டும் பொருள் உண்மையில் இரண்டு மீற்றரிலேயே இருக்கக்கூடும். மலைநாட்டு வீதியில் முடக்குக்கு முடக்கு சரிவு மாறுகின்றது. இறங்கும் வண்டிதான் வழிவிடுவதற்காக மேட்டை நோக்கிப் பின்வாங்குகின்றது என்று தொடக்கத்திலே சொன்னேன் அல்லவா? பெரும்பாலும் அந்த வேளையிலேதான் இந்தப் பொய் நேர்கின்றது. பின்னாசனங்களிற் கூட்டம் மிகுந்து வண்டியின் பின்புறம் தாழ்ந்தாலும் விளைவு அதுவே. ஆகவே கோடுகளைக் கொண்டு தூரத்தை அளக்கவேண்டாம் என்று எங்கள் ஊர்ச் சாரதிகளுக்குச் சொல்லியிருக்கின்றேன். யாராவது நிற்கின்றார்களா, இல்லையா என்பதை அறிய மாத்திரம் திரையைப் பார்க்கட்டும்.

பள்ளத்தைப் பற்றியும் அப்படியே. கமரா வண்டியின் கடைசி விளிம்பில் இருக்கின்றது. பின்சில்லுகளோ அதற்கு இரண்டு மூன்று மீற்றர் முன்னால் இருக்கின்றன. வீதியின் ஓரத்துக்கு வெளியே வண்டியின் வால் ஆகாயத்தில் நிற்கும்போது, சில்லு இன்னும் மண்ணிலேதான் நிற்கும். திரையில் தெரிவதெல்லாம் தேயிலைச் செடிகளின் உச்சியும் வெண்மேகமும். சில்லுக்கும் விளிம்புக்கும் இடையே எத்தனை அங்குலம் என்று அந்தக் கண் அறியாது. அந்த மண் உறுதியானதா, இரவு மழையில் ஊறிக் கரைந்துபோனதா என்பதையும் அறியாது. நமது சரிவுகளின் மண் எத்தன்மையது என்பதை, 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆம் திகதி, நமக்கு மிக அண்மையிலுள்ள மீரியபெத்தை நமக்குக் காட்டிவிட்டது. இன்னுமொன்று: பின்வாங்கிக்கொண்டே வளைக்கும்போது வண்டியின் முன்மூலை வெளிப்புறமாக வீசும். சாரதியின் கண் திரையிலே நிலைத்திருக்க, முன்மூலை மதிலிலோ, பள்ளத்தின் ஓரத்துக் கல்லிலோ, நின்றுகொண்டிருக்கும் முச்சக்கர வண்டியிலோ மோதும்.

ஆகையினாற்றான் நடத்துனரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டுக் கமராவை ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். சிலர் அவ்வாறு எண்ணத் தொடங்கியிருக்கின்றார்கள். பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் சிறிய வான்களிற் பல ஏற்கெனவே சாரதி ஒருவருடனேயே ஓடுகின்றன. அவற்றுக்குக் கமரா மிக அவசியம், மறுப்பதற்கில்லை. பெரிய பஸ்ஸிலோ இரண்டும் வேண்டும். ஆனால் நடத்துனர் நிற்குமிடம் மாறவேண்டும். பழைய வழக்கப்படி அவர் வண்டியின் நேர் பின்னால், மண்மேட்டுக்கும் வண்டிக்கும் நடுவே நின்று தட்டினார். சாரதிக்குத் தெரியாத இடத்தில் நின்று சாரதிக்கு வழிகாட்டியது எவ்வளவு விசித்திரம்! பின்னால் உள்ளதைக் கமரா பார்த்துக்கொள்ளும். நடத்துனர் பள்ளத்துப் பக்கத்தில், விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி, சாரதியின் பக்கக் கண்ணாடியில் தம் முகம் தெரியும்படி நின்று, பின்சில்லையே பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். சாரதியின் கண்ணாடியில் நடத்துனர் மறைந்தால் சாரதி நிறுத்தவேண்டும். இந்த ஒழுங்கைச் சாரதிகளுடனும் நடத்துனர்களுடனும் பேசி எங்கள் வாயிலிலே நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கின்றோம்.

முதியவரான ஒரு சாரதி என்னிடம், ‘முப்பது வருடம் கண்ணாடியைப் பார்த்தே ஓட்டினேன், அதிபர் ஐயா. இந்தப் பெட்டியைப் பார்க்கப் பழகினால் கழுத்தைத் திருப்பும் பழக்கம் போய்விடும்’ என்றார். அவர் வாக்கில் உண்மை இருக்கின்றது. இளைய சாரதிகள் திரையை மாத்திரம் பார்ப்பதை நானும் கண்டிருக்கின்றேன். ஆயினும் முப்பது வருடமாகக் கண்ணாடி அவருக்குக் காட்டாத இடமொன்று உண்டு என்பதை, அவரை அவருடைய ஆசனத்திலேயே அமரச் செய்து, பின்னால் ஆறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் காட்டினேன். ‘எத்தனை பேர் நிற்கின்றார்கள்?’ என்று கேட்டேன். கண்ணாடி மூன்றையும் பார்த்துவிட்டு, ‘ஒருவரும் இல்லை’ என்றார். இறங்கிவந்து பார்த்தவர், பிள்ளைகளை ஒருமுறை எண்ணினார். பிறகு மறுபடியும் எண்ணினார். அதன்பின் விலையை விசாரித்தார்.

இந்தப் பரிசோதனையைச் செய்ய எந்தப் பாடசாலைக்கும் பணம் வேண்டியதில்லை. நிறுத்திய வண்டி, அணைத்த இஞ்சின், கழற்றிக் கையில் எடுத்த சாவி, சில பிள்ளைகள், இவை போதும். பிள்ளைகளையும் ஒருவர் பின் ஒருவராகச் சாரதியின் ஆசனத்தில் ஏற்றிவைத்துப் பார்க்கச் செய்யவேண்டும். ‘பஸ்ஸின் பின்னால் போகாதே’ என்று நூறுதரம் சொன்னபோது கேளாத பிள்ளைகள், தம் தோழர்கள் மறைந்துபோவதைத் தாமே கண்டபின் வண்டியின் வாலை விட்டு விலகி நடக்கின்றார்கள். மூன்றாந் தரத்துச் சிறுவன் ஒருவன், ‘சேர், நாங்கள் இருக்கிறோம், ஆனால் பஸ்ஸுக்கு இல்லை’ என்றான்.

பணம் பற்றி ஒரு சொல். வாகனத்தின் உரிமையாளரே இச்செலவை ஏற்கவேண்டும் என்பது என் கருத்து. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், பெற்றோரிடம் சிறு தொகை திரட்டலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. நான் அதற்கு இசையவில்லை. கொழுந்து பறித்து நாட்கூலி பெறும் தாய், தன் பிள்ளையின் பிரயாணத்துக்கு ஏற்கெனவே கட்டணம் செலுத்துகின்றாள். வண்டியின் பிறேக்குக்கு அவளிடம் தனியாகப் பணம் கேட்பதில்லை. கண்ணுக்கு மாத்திரம் ஏன் கேட்கவேண்டும்? எங்கள் வண்டியின் உரிமையாளர் இதை ஏற்றுக்கொண்டார் என்பதை நன்றியுடன் சொல்லுகின்றேன்.

பொருத்திய பின்னர் அன்றாடம் செய்யவேண்டிய வேலை ஒன்றேயொன்று. பூனாகலையில் மாரிகாலத்துப் பனிமூட்டமும், வீதியின் செம்மண் சேறும், டீசற் புகையும் கலந்து, இரண்டு நாளில் கமராவின் கண்ணை மூடிவிடுகின்றன. கமராவின் உள்ளே நீர் புகுந்து கண்ணாடியில் ஆவி படிந்தால் துடைத்தும் பயனில்லை, அதனை மாற்றவேண்டியதுதான். வெளியே படியும் அழுக்கை ஈரத்துணியால் துடைத்தாற் போதும். அது பின் யன்னலுக்கு மேலே இருப்பதால் ஏணி வேண்டும். ஏணி இல்லாததால் எவரும் துடைப்பதில்லை. எங்கள் நடத்துனர் நீண்ட மூங்கிற் கழியின் நுனியிற் பழந்துணியைச் சுற்றி வைத்திருக்கின்றார். காலையில் முதற் பயணத்துக்குமுன், சில்லுகளின்மேல் தண்ணீர் தெளித்து, சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தியபின், அந்தக் கழியை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்னாற் போகின்றார். சாரதி ஆசனத்திலிருந்தபடியே திரையைப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்’ என்று குரல் கொடுக்கின்றார்.